அமீன் பிடித்துக்கொள்ளும், விடச் சொன்னால்தான் நீராவி கேட்கும்

கேள்வி இதுதான்: அமீன் (அம்மோனியாவின் வழிவந்த, காரத்தன்மையுள்ள சேர்மம்) கரைந்த கரைசல் புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிடிக்கும், சூடாக்கினால் விட்டுவிடும், அதே கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் அனல் மின் நிலையங்கள் எல்லாம் ஏன் இதைச் செய்யவில்லை? எங்கே சிக்குகிறது?

பிடிப்பதில் சிக்கவில்லை. அமீனால் அமில வாயுக்களைக் கழுவி எடுக்கும் முறைக்கு ராபர்ட் பாட்டம்ஸ் என்ற அமெரிக்கர் 1930-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இயற்கை எரிவாயு ஆலைகளிலும் உர ஆலைகளிலும் பல பத்தாண்டுகளாக ஓடும் சங்கதி இது. மின் நிலையப் புகைக்கு வரும்போது இரண்டு இடத்தில் இடிக்கிறது. பிடித்த வாயுவை விடுவிக்க வேண்டிய நீராவி ஒன்று. அழுக்குப் புகையில் அந்தக் கரைசலைக் கெடாமல் காப்பாற்றுவது இன்னொன்று. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரு 500 மெகாவாட் நிலக்கரி யூனிட்டை எடுத்துக்கொள்கிறேன். கரைசலாக 30 சதவீத மோனோ எத்தனால் அமீன், சுருக்கமாக எம்.இ.ஏ. இன்றைக்கு இதைவிட நல்ல கரைசல்கள் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் ஒப்பிடுவது இதோடுதான்.

அந்த யூனிட் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 480 டன் கரியமில வாயு விடும். புகையில் அதன் பங்கு 13, 14 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் நைட்ரஜன், கொஞ்சம் நீராவி, 4 முதல் 6 சதவீதம் ஆக்சிஜன். ஆக மணிக்குச் சுமார் 18 லட்சம் கன மீட்டர் புகையைக் கழுவ வேண்டும் (0 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் அளந்தால்). உர ஆலையில் அழுத்தத்தோடு வரும் வாயுவை நடுத்தர அளவுக் கோபுரத்திலேயே முடித்துவிடலாம். இங்கே அழுத்தமே இல்லை, வெறும் வளிமண்டலம். கோபுரத்தின் குறுக்கே புகையின் வேகம் நொடிக்கு 2 முதல் 2.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கீழே இறங்கும் கரைசலை வாயு மேலேயே தூக்கி நிறுத்திவிடும், கோபுரம் வெள்ளக்காடாகும். இந்தக் கணக்கில் குறுக்குப் பரப்பு 250 சதுர மீட்டர், அதாவது 16 மீட்டருக்கு 16 மீட்டர் சதுரக் கோபுரம் ஒன்று. நடைமுறையில் இரண்டாகப் பிரித்துக் கட்டுவார்கள். உள்ளே 15 முதல் 20 மீட்டர் உயரத்துக்கு, கரைசலும் புகையும் உரசிக்கொள்ள மடித்த தகடு பேக்கிங், அதற்கு மேலே நீர் கழுவல் பகுதிகள். இவ்வளவையும் தாண்டிப் புகையைத் தள்ள ஒரு ப்ளோயர் வேண்டும். அதுமட்டுமே ஏறத்தாழ 6 மெகாவாட் தின்னும்.

கோபுரத்துக்குள் போகுமுன் புகையை 40 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். குளிர்ந்த கரைசலில்தான் வாயு அதிகம் ஏறும். நேரடியாக நீர் தெளித்துக் குளிர்விக்கும் ஒரு கோபுரம் இதற்கு முன்னால் நிற்கும். ஐரோப்பிய வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்து வெப்ப நாட்டில் வைத்தால் முதலில் உதைப்பது இதுதான்: கூலிங் டவர் நீரே 32, 33 டிகிரியில் வரும் ஊரில், 40 டிகிரிக்கு இறக்க ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பரப்பைப் பெருக்க வேண்டியிருக்கும். 45 டிகிரியோடு சமாதானம் செய்துகொண்டால் கரைசல் சுமக்கும் அளவு குறையும், சுற்ற வேண்டிய கரைசல் கூடும்.

சுற்றும் அளவைப் பார்ப்போம். ஒரு கிலோ 30 சதவீதக் கரைசலில் 4.9 மோல் எம்.இ.ஏ. இருக்கும். கோபுரத்துக்குள் நுழையும் 'லீன்' கரைசலில் ஒரு மோல் அமீனுக்கு 0.2 மோல் வாயு ஏற்கெனவே ஒட்டியிருக்கும். வெளியேறும் 'ரிச்' கரைசலில் 0.45 வரை ஏறியிருக்கும். இரண்டு எம்.இ.ஏ. மூலக்கூறு சேர்ந்துதான் ஒரு கரியமில வாயு மூலக்கூறைக் கார்பமேட்டாகப் பிடிக்கும் என்பதால் 0.5 என்பதே கிட்டத்தட்ட உச்சவரம்பு. வித்தியாசம் 0.25. அதாவது ஒரு கிலோ கரைசல் ஒரு சுற்றில் சுமப்பது 54 கிராம். ஒரு டன் வாயுவுக்கு 18.5 டன் கரைசல். நம் யூனிட்டில் 90 சதவீதம், அதாவது மணிக்கு 430 டன் பிடிக்க வேண்டுமானால், மணிக்கு 8,000 டன் கரைசல் ஓயாமல் சுற்ற வேண்டும். அத்தனையும் ஒருமுறை 120 டிகிரிக்குச் சூடாகி மறுபடி 40-க்கு ஆற வேண்டும்.

இங்கேதான் நீராவிக் கணக்கு தொடங்குகிறது. கரைசலிலிருந்து வாயுவைப் பிரிக்கும் ஸ்ட்ரிப்பர் கோபுரத்தின் அடியில், நீராவியால் கரைசலைக் கொதிக்கவைக்கும் ரீபாயிலர். அங்கே தர வேண்டிய வெப்பம் மூன்றாகப் பிரியும். கார்பமேட் பிணைப்பை உடைக்க டன்னுக்கு 1.9 கிகாஜூல்; இது வேதியியல் கேட்கும் விலை, பேரம் கிடையாது. ரிச் கரைசலைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இன்னும் 0.7. லீன், ரிச் கரைசல்களுக்கு நடுவிலுள்ள தகட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் 10 டிகிரி வித்தியாசம் வரை வெப்பத்தை மீட்டுத் தருகிறது என்று வைத்துக்கொண்டுதான் இந்த 0.7. மூன்றாவது, வாயுவை மேலே கூட்டிச் செல்லும் நீராவியை உண்டாக்க ஏறத்தாழ 1.1, அந்த நீராவி உச்சியிலுள்ள கண்டன்சரில் குளிர்ந்து திரும்பிவிடும், வெப்பம் கூலிங் டவருக்குப் போய்விடும். கூட்டினால் 3.7 கிகாஜூல். டன் வாயுவுக்கு சுமார் 1.7 டன் நீராவி. நம் யூனிட்டுக்கு மணிக்கு 730 டன்.

500 மெகாவாட் யூனிட்டின் பாய்லர் மொத்தமே மணிக்கு 1,500 டன் சொச்சம் நீராவிதான் தரும் என்பதை நினைவில் வையுங்கள். கிட்டத்தட்ட பாதி போய்விட்டது!

அதற்காக மின்சாரமும் பாதியாகிவிடாது. டர்பைனில் பெரும்பகுதி வேலை செய்துமுடித்த நீராவியைத்தான் எடுக்கிறோம், நடு அழுத்த (ஐ.பி.) சிலிண்டரிலிருந்து தாழ் அழுத்த (எல்.பி.) சிலிண்டருக்குப் போகும் குழாயில். எடுத்த வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மின்சாரமாகியிருக்கும் என்று கொண்டால் இழப்பு 95 மெகாவாட் சுமார். பிடித்த வாயுவைப் புதைக்க அனுப்ப 110 பாருக்கு (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அமுக்க டன்னுக்கு 100 யூனிட் மின்சாரம். அது 43 மெகாவாட். ப்ளோயர், பம்புகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 10. ஆக 500-இல் ஏறத்தாழ 150 மெகாவாட் காலி. நிலக்கரி அதே அளவு எரியும்.

பழைய யூனிட்டில் இதைப் பொருத்தும்போது டர்பைன் ஆட்கள் முதலில் கேட்பது வேறு. நடுவில் இவ்வளவு நீராவியை உருவினால் எல்.பி. நுழைவாயிலில் அழுத்தம் பாதிக்கு விழும், ஐ.பி.யின் கடைசி வரிசை பிளேடுகள் வடிவமைக்கப்படாத அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டியிருக்கும். எல்.பி.க்கு முன்னால் த்ராட்டில் வால்வு வைத்து அழுத்தத்தை நிறுத்த வேண்டும், அல்லது டர்பைனையே மாற்ற வேண்டும். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பவுண்டரி டேம் நிலையத்தின் 3-ஆம் யூனிட்டில் டர்பைனைப் புதிதாகவே போட்டார்கள். இன்னொன்று, அந்தக் குழாயில் வரும் நீராவி மிகையாகச் சூடேறியது, 250 டிகிரிக்கு மேல். அதை நேரே ரீபாயிலருக்கு விட்டால் குழாய்ச் சுவரில் அமீன் கருகும். தண்ணீர் தெளித்து நிறைநிலைக்கு (மிகைச்சூடு இல்லாத நிலைக்கு) கொண்டுவந்து, 3 பார் சுமார், அதாவது 133 டிகிரியில் கொடுக்க வேண்டும். தெளிப்பு வால்வு ஒன்று ஒழுங்காக வேலை செய்யாததால் கரைசல் கறுத்துப்போவது அசாதாரணமல்ல.

கரைசல் சாகும் விதங்கள் தனி அத்தியாயம்.

முதல் எதிரி கந்தக டை ஆக்சைடு. அது கரியமில வாயுவைவிட வலுவான அமிலம். அமீனோடு சேர்ந்தால் ஸ்ட்ரிப்பர் வெப்பத்துக்குப் பிரியாத உப்பாகிவிடும். இந்தியாவில் 2015 விதிமுறை 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள பழைய யூனிட்டுகளுக்குக் கன மீட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. காற்று மாசுக்கு அது நல்ல எண். அமீனுக்கு அது விஷம். நம் புகையளவில் 200 மில்லிகிராம் என்றால் மணிக்கு 360 கிலோ கந்தக டை ஆக்சைடு. ஒரு மூலக்கூறு இரண்டு அமீனைக் கட்டிப்போடும் என்பதால், வினைக் கணக்குப்படி மணிக்கு 690 கிலோ எம்.இ.ஏ., ஒரு நாளைக்கு 16 டன்னுக்கு மேல் முடங்கும். அதனால்தான் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு), அதாவது 30 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்த பிறகே புகையை உள்ளே விட வேண்டும் என்பது எழுதாத சட்டம். புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் எஃப்.ஜி.டி. சாதனம் இருந்தாலும் போதாது, குளிர்விக்கும் கோபுரத்து நீரில் காஸ்டிக் சோடா கலந்து மிச்சத்தையும் துடைக்க வேண்டும். எஃப்.ஜி.டி.யே இல்லாத நிலையத்தில் கார்பன் பிடிப்பு பற்றிப் பேசுவது அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுவது.

அடுத்தது ஆக்சிஜன். உர ஆலை வாயுவில் இல்லாத விருந்தாளி. அமீனை மெல்ல மெல்ல ஆக்ஸிஜனேற்றி அம்மோனியாவாகவும் ஃபார்மேட், ஆக்சலேட் போன்ற அமில உப்புகளாகவும் மாற்றும். கரைந்த இரும்பும் செம்பும் இந்த வினையை ஊக்குவிக்கும். அமில உப்பு கூடினால் இரும்பு அரிக்கும். இரும்பு கரைந்தால் அமில உப்பு கூடும். இந்த விஷச் சுழல் ஒருமுறை பிடித்துக்கொண்டால் கரைசலை முழுவதுமாக மாற்றும்வரை விடாது. ரிச் கரைசல் போகும் சூடான குழாய், ரீபாயிலர், ஸ்ட்ரிப்பரின் மேல்பகுதி ஆகியவற்றில் சாதா எஃகைப் போட்டுப் பணம் மிச்சப்படுத்துவது பிற்பாடு வட்டியோடு வரும். 304, 316 வகை எவர்சில்வர்தான் அங்கே சரி.

மூன்றாவது வெப்பம். 120 டிகிரி வரை எம்.இ.ஏ. பொறுத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் கார்பமேட்டே தன்னோடு சேர்ந்து ஆக்சசோலிடோன் முதலான கனமான மூலக்கூறுகளாகும், கரைசல் பிசுபிசுக்கும்.

நான்காவது சாம்பல். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல். சாம்பலை மின்புலத்தால் பிடிக்கும் இ.எஸ்.பி. நன்றாக வேலை செய்து 50 மில்லிகிராம்தான் விட்டது என்றாலும், மணிக்கு 90 கிலோ நுண்துகள் நம் பக்கம் வருகிறது. ஒரு பகுதி குளிர்விக்கும் கோபுரத்தில் சிக்கும், மீதி கரைசலில். தகட்டு எக்ஸ்சேஞ்சரை அடைக்கும், புகையோடு போகும் துளிகளைத் தடுக்கும் டிமிஸ்டரை மூடும், உலோகங்களைக் கரைத்து ஆக்ஸிஜனேற்றத்துக்குத் தூபம் போடும், நுரையை நிலைப்படுத்தும். பவுண்டரி டேமில் 2014 அக்டோபரில் ஓட்டம் தொடங்கியதும் படுத்திய பெரும் தலைவலிகளில் சாம்பலும் அமீன் கெடுதலும் அடங்கும்.

நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. கோபுரத்தில் அழுத்த வேறுபாடு சட்டென்று ஏறி, அடித்தொட்டியில் கரைசல் மட்டம் இறங்கினால் நுரைதான் என்று சந்தேகிக்கலாம். உடனே நுரையடக்கியைக் கொட்டுவது வழக்கம். கொஞ்சம் கொட்டினால் அடங்கும். அளவு மீறினால் அதுவே நுரையைக் கிளப்பும், கார்பன் ஃபில்டரையும் சாகடிக்கும். மூலகாரணம் ஃபில்டர் பக்கம்தான் இருக்கும். லீன் கரைசலில் 10 முதல் 20 சதவீதத்தைப் பிரித்து, முதலில் துகள் ஃபில்டர், பிறகு தூண்டப்பட்ட கரி, அதன்பின் மறுபடி ஒரு துகள் ஃபில்டர் என்று ஓட்ட வேண்டும். அந்தக் கடைசி ஃபில்டரைத் தேவையில்லை என்று விட்டுவிட்டால் கரித்தூளே கரைசலுக்குள் போய் நுரைக்கு விதையாகும்.

முடங்கிய அமீனை மீட்பது ரீக்ளெய்மரின் வேலை. கரைசலில் ஒரு சிறு பங்கைப் பிரித்து, காஸ்டிக் சோடா சேர்த்து, 140, 150 டிகிரியில் வடித்தால் அமீனும் நீரும் ஆவியாகி ஸ்ட்ரிப்பருக்குத் திரும்பும். அடியில் தார் போன்ற கசடு தங்கும். அது அபாயக் கழிவு. எரித்தழிக்க உரிமம் பெற்ற இடம் வேண்டும். இதையெல்லாம் செய்த பிறகும் எம்.இ.ஏ.க்கு டன் வாயுவுக்கு 1.5 கிலோ புது அமீன் என்பது வழக்கமான செலவுக் கணக்கு. நம் யூனிட்டில் ஒரு நாளைக்கு 15 டன், ஒரு டேங்கர் லாரிக்குக் கொஞ்சம் குறைவு.

உச்சியிலிருந்து வெளியேறும் புகையோடு அமீனும் போகும். ஆவியாகப் போவதை நீர் கழுவல் பிடித்துவிடும். பிடிபடாமல் ஏமாற்றுவது மூடுபனி. புகையில் கொஞ்சம் கந்தக ட்ரை ஆக்சைடு இருந்தால் குளிர்விக்கும்போது ஒரு மைக்ரானுக்கும் சிறிய அமிலத் துளிகளாகும். அவை கோபுரத்துக்குள் அமீனை உறிஞ்சிப் பருத்து, நீர் கழுவலைச் சுற்றிக்கொண்டு சிம்னி வழியே வெளியேறும். இரண்டு மூன்று பி.பி.எம். இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் காட்டும். அப்போது கழுவல் நீரைக் கூட்டிப் பயனில்லை. மூலத்தில் ட்ரை ஆக்சைடைக் குறைக்க வேண்டும், அல்லது நுண்துளிகளைப் பிடிக்கும் தனி டிமிஸ்டர் வேண்டும். நார்வே இதில் கறாராக இருக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு இரண்டாம் நிலை அமீன்களோடு சேர்ந்தால் நைட்ரோசமீன் உண்டாகும், புற்றுநோய் வகையறா. அங்கே நைட்ரோசமீன், நைட்ரமீன் இரண்டும் சேர்த்துக் காற்றில் கன மீட்டருக்கு 0.3 நானோகிராம் என்ற பரிந்துரை வரம்பு உள்ளது. அந்நாட்டின் மாங்ஸ்டாட்டில் 2012-இல் திறந்த சோதனை மையத்தின் வேலைகளில் இப்படிப்பட்ட வெளியேற்றத்தை அளப்பதும் ஒன்று.

நீர்ச்சமநிலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளியேறும் புகையின் வெப்பநிலை நுழையும் புகையைவிட அதிகமானால் கரைசல் வற்றும், குறைந்தால் நீர்த்துப்போகும். கழுவல் நீரின் வெப்பநிலையை ஓரிரு டிகிரி ஏற்றி இறக்கித்தான் இதைப் பிடித்து நிறுத்துவார்கள். 30 சதவீதம் 25 ஆகிவிட்டால் ஆபரேட்டர் நீராவியைக் கூட்டிக்கொண்டே போவார், ஏன் பிடிப்பு விழுகிறது என்று புரியாது.

புதிய கரைசல்கள் என்ன செய்கின்றன? எம்.இ.ஏ.யின் கார்பமேட் வழியைத் தவிர்த்துப் பைகார்பனேட் வழியில் போனால் ஒரு அமீன் ஒரு வாயுவைச் சுமக்கும், விடுவிக்கும் வெப்பமும் குறையும். நைட்ரஜனைச் சுற்றி இடம் நெருக்கப்பட்ட அமீன்களும் மூன்றாம் நிலை அமீன்களும் அப்படிப்பட்டவை. ஆனால் அவை மெதுவாகப் பிடிக்கும். வேகத்துக்கு பைப்பரசீன் என்ற அமீனைச் சேர்ப்பார்கள். பைப்பரசீன் 150 டிகிரி வரை தாங்கும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கேரி ராஷல் குழு அதை ஆழமாக ஆராய்ந்திருக்கிறது. செறிவாக வைத்துக் குளிரவிட்டால் குழாய்க்குள் உறைந்துவிடும் என்பது அதன் குணக்கேடு. இரண்டாம் நிலை அமீன் என்பதால் நைட்ரோசமீன் கவலையும் கூடவே வரும். இப்படிப்பட்ட கலவைகளில் ரீபாயிலர் வெப்பம் 2.5 முதல் 3 கிகாஜூல் வரை இறங்குகிறது. 1.5, 1 என்று யாராவது விளம்பரம் செய்தால், பிணைப்பை உடைக்கும் வெப்பம் எங்கே போயிற்று என்று கேளுங்கள்.

பெரிய அளவில் ஓடியவை எவை? கலிஃபோர்னியாவில் ட்ரோனா சோடா ஆலை 1978 முதல் நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து எம்.இ.ஏ. கொண்டு வாயு எடுத்து சோடா உப்பு செய்துவந்திருக்கிறது. பவுண்டரி டேமில் ஷெல் நிறுவனத்தின் கேன்சால்வ் கரைசல். செலவு 130 கோடி கனடா டாலருக்கு மேல். ஆண்டுக்கு 10 லட்சம் டன் என்பது வடிவமைப்பு, நடப்பு அதற்குக் கீழேயே இருந்துவந்திருக்கிறது. ஹூஸ்டன் அருகே பெட்ரா நோவா 2017 ஜனவரியில் தொடங்கியது. 240 மெகாவாட்டுக்குச் சமமான புகை, மிட்சுபிஷியின் கே.எஸ்.-1 கரைசல், ஆண்டுக்கு 14 லட்சம் டன். ஓடும்போது 90 சதவீதத்துக்கு மேல் பிடித்தது. பிடித்த வாயு எண்ணெய்க் கிணற்றுக்குள் போய் எண்ணெயைத் தள்ளியது. 2020 மே மாதம் எண்ணெய் விலை சரிந்ததும் நிறுத்தினார்கள், 2023 செப்டம்பரில் மறுபடி ஓட்டினார்கள். அதற்கு வேண்டிய நீராவி நிலக்கரி யூனிட்டிலிருந்து வரவில்லை. தனியாக ஒரு எரிவாயு டர்பைன் வைத்துக் கொடுத்தார்கள், அந்த டர்பைனின் புகையைப் பிடிக்கவில்லை. 90 சதவீதம் என்ற எண்ணைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் தூத்துக்குடி ஆல்கலி ஆலை 2016 கடைசியில் இதைச் செய்துகாட்டியது. நிலக்கரி பாய்லர் புகை, கார்பன் கிளீன் நிறுவனத்தின் கரைசல், ஆண்டுக்கு 60,000 டன் வடிவளவு. அங்கே கணக்கு இடித்துக்கொள்ளாததற்குக் காரணம், சோடா உப்பு செய்ய அவர்களுக்கு அந்த வாயு எப்படியும் விலைக்கு வேண்டியிருந்தது. வாயுவுக்குக் கதவருகே வாங்குபவர் இருக்கும்போது 110 பாருக்கு அமுக்கவும் வேண்டாம், புதைக்க இடம் தேடவும் வேண்டாம். (அந்தச் சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் வாயு திரும்ப வெளியே வந்துவிடும் என்பது வேறு விஷயம்.)

மின் நிலையம் என்று பார்த்தால் பொதுத்துறை நிறுவனமான என்.டி.பி.சி.யின் விந்தியாசல் நிலையத்தில் 2022 ஆகஸ்டில் 13-ஆம் யூனிட்டில் ஒரு பிடிப்புக் கூடம் ஓடத் தொடங்கியது. பிடித்த வாயுவை ஹைட்ரஜனோடு சேர்த்து மெத்தனால் செய்வது திட்டம். கூடத்தின் அளவு நாளொன்றுக்கு 20 டன். அந்த யூனிட்டும் 500 மெகாவாட்தான். மேலே போட்ட கணக்கில் அது இரண்டரை நிமிடப் புகை.